சிவப்புத் தட்டு

"செவப்பு பிளாஸ்டிக் தட்டுலயா வாய்க்கரிசி கொண்டாருவ? உள்ள வை! ஹட்டன் கடைக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க."

அண்ணன் முத்துலிங்கம் பல்லைக் கடித்தான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில், பெட்டிக்குள் அம்மா ராசம்மா. மூக்கில் தங்கக் கலர் கண்ணாடி. அவன் வாங்கிக் கொடுத்த மூன்றாவது கண்ணாடி. போட்டோவில் விழவேண்டுமாம்; காலையில் அவனே மாட்டிவிட்டான்.

பிரேமினி தட்டை விடவில்லை. "இதுலதாண்ணே அம்மாவுக்குச் சோறு தெரியும்."

"செத்த பொறவுமா அந்த நடிப்பு?"

நடிப்பு! இரண்டு வருஷமாக அவனுக்கு வேறு சொல்லே கிடையாது. தரையில் கிடக்கும் ஊக்கை அம்மா கண்டுபிடிப்பாள். எதிரே வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு இருந்தால் காற்றைத் துழாவுவாள். கண் இரண்டும் சுத்தம், மூளையின் பின்பக்கம்தான் சுருங்குகிறது, எது எங்கே என்று அதற்குப் பிடிபடாது என்றார் கண்டி டாக்டர். கண்ணாடியால் ஆகாது என்றும் சொன்னார். டாக்டருக்குத் தெரியாதது அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. "ஊக்கு தெரியுது, சோறு தெரியலையாக்கும்! குடிகாரி மாதிரி தடவுறா" என்று பஜார் பூராவும் சொல்லிச் சிரித்தான்.

பிரேமினிதான் தட்டை மாற்றிப் பார்த்தாள். சிவப்பில் சோறு தெரிந்தது. வேளாவேளைக்கு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், படி எங்கே முடிகிறதென்று புரியாமல் அம்மா விழுந்தாள். பிறகு எழுந்திருக்கவேயில்லை.

"நேரமாவுது. மொதல்ல மகன் வாங்க," காரியம் நடத்தும் சோலைமலை கூப்பிட்டார்.

பிரேமினி கண்ணாடியைக் கழற்றி அண்ணன் சட்டைப்பையில் செருகினாள். தட்டை நீட்டினாள். ஊரே பார்க்கிறது, அவனால் முறைக்கத்தான் முடிந்தது.

விடியும்போதே சாராயத்தை ஊற்றிக்கொண்ட கை அரிசியை அள்ளியது. அம்மாவின் தாடையில் இடித்தது. அரிசி கழுத்தில் சிந்தியது. மறுபடி அள்ளினான், கன்னத்தில் கொட்டினான்.

"பாவம், கண்ணீரு மறைக்குது," என்றாள் ஒருத்தி.

கண்ணீராம்! பக்கத்தில் நின்ற பிரேமினிக்கு வாடை குமட்டியது.

மூன்றாம் தடவை அவன் விரல்கள் காற்றைத் துழாவின. குரல் இறங்கியது.

"எங்க... கையக் கொஞ்சம் புடி தங்கச்சி."

"ரெண்டு கையிலயும் தட்டு இருக்குண்ணே."

நல்ல வெயில். அம்மாவின் கழுத்து மடிப்பில் அரிசி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.