கையெழுத்து வாங்கி

இப்ரோ இழுத்த இழுப்பில் செடி பாதியில் ஒடிந்து கையோடு வந்தது.

"கழுத்த முறிச்சுட்டீங்களே தம்பி. அடுத்த மழைக்கு ரெண்டு தலையோட வரும்," என்றார் பக்கத்து வயல்காரர் யூயா. அடக்கத்துக்குக் குழி வெட்ட வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

மையவாடி முழுக்க பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. பிடுங்கினால்தான் மண்வெட்டி இறங்கும். ஊரில் அதற்கு ஃபரம்சீசா என்று பெயர். கையெழுத்து வாங்கி என்று அர்த்தம். வயலுக்குள் நுழைந்துவிட்டால், நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று கையெழுத்து வாங்காமல் விடாது.

இப்ரோ மாவட்ட வேளாண் அலுவலகத்தில் களை நிபுணர். மருந்தடிக்காமல் களையொழிப்பது எப்படி என்று நாற்பது பக்கக் கையேடு எழுதியவர். பூக்குமுன், ஈர மண்ணில், வேரோடு பிடுங்க வேண்டும் என்பது ஏழாம் பக்கம். யார் குனிந்து பிடுங்குவது என்பதற்குக் கையேட்டில் இடம் போதவில்லை.

குனிந்தவள் அவருடைய அக்கா மோமினா. அவளுடைய சோள வயல்தான் மாதிரி நிலம். வரப்பில் ஆள் உயரப் பலகை: 'களையற்ற நிலம். வழிகாட்டுபவர்: இப்ரோ.' அக்காவின் கைகளில் முழங்கை வரை தோல் வெடித்திருந்தது. சில வருடங்களாக மூச்சும் இழுத்தது. கையுறை கேட்டாள். அலுவலகத்தில் பெட்டி பெட்டியாக இருந்தன. பயிலரங்குகளில் பெரிய மனிதர்கள் அணிந்து, ஆளுக்கொரு செடியைப் பிடித்தபடி படமெடுத்துக்கொள்ள. "அடுத்த தடவ கொண்டாரேன்க்கா" என்பார் இப்ரோ. அந்த அடுத்த தடவை மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தது.

மாதிரி நிலத்தைப் பார்க்க இன்று மதியம் தலைநகரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் களை பாக்கி. விடிந்ததும் யூயாவிடமிருந்து போன்.

"அக்கா போயிட்டாங்க தம்பி. மூச்சு நின்னுபோச்சு."

"கெழக்கு மூல பிடுங்கியாச்சா?"

தன் வாய் சொன்ன பிறகுதான் இப்ரோவின் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து "வாங்க தம்பி," என்று மட்டும் கேட்டது.

அதிலிருந்து இப்ரோ யூயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குழியில் இறங்கி அக்காவை வாங்கிப் படுக்கவைத்தபோதுகூட, எதிரில் நின்ற யூயாவின் கைகளை மட்டும்தான் பார்த்தார்.

அடக்கம் முடிந்து வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காப்பித்தோல் கஷாயம் வந்தது. வருகையைத் தள்ளிவைத்த தலைநகர்க்காரர்கள் இரங்கல் செய்தி அனுப்பியிருந்தார்கள். தொழுகை நடத்திய ஷேக் அதை உரக்கப் படித்தார். மோமினா 'அமீனா' ஆகியிருந்தாள். இப்ரோவின் பதவியில் மட்டும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

"தம்பி வழிகாட்டினதாலதான் அந்தப் புள்ள நெலம் தப்பிச்சுது," என்று ஷேக் தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்தார்.

இப்ரோவின் காது மந்தமான மாமா, யூயாவின் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார்: "நீதானய்யா சேதி சொன்ன? புள்ள என்ன சொன்னான்?"

இப்ரோ கோப்பைக்குள் குனிந்து பார்த்தார்.

யூயா மென்றுகொண்டிருந்த காட் போதை இலையை மெதுவாக ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"பேச்சே வரல மாமா, அவருக்கு."

"கூடப் பொறந்த ரத்தமாச்சே," என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினார்கள். இப்ரோவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மெல்ல எழுந்து வயலுக்குப் போனார். கிழக்கு மூலை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பிடுங்கிய செடிகள் வேர் மேலாகக் குவிந்து கிடந்தன. ஒன்றில்கூடப் பூ இல்லை. இலைகள் இன்னும் முழுதாக வாடவில்லை. ஈர மண்ணில் முட்டி ஊன்றிய தடங்கள் வரப்பு வரை வரிசையாகப் போயின.

பின்னால் செருப்புச் சத்தம்.

"காலைல கேட்டீங்களே தம்பி," என்றார் யூயா. "பிடுங்கியாச்சு. நேத்துப் பொழுது சாயறவரைக்கும் பிடுங்குனாங்க. போதும்மான்னேன். தம்பிக்கு ஆளுங்க வர்றாங்கன்னாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பலகையின் மேல் ஒரு ஜோடி காலுறை காயப்போட்டிருந்தது. போன ரமலானுக்கு வந்தபோது இப்ரோ மறந்துவிட்டுப் போனவை. கைக் கட்டைவிரலுக்கென்று பக்கத்தில் ஓட்டை போட்டு, ஓரத்தை மடித்து நூலால் தைத்திருந்தாள் அக்கா.

இப்ரோ ஒன்றை எடுத்துக் கையை உள்ளே விட்டார். விரல்நுனிப் பக்கம் இன்னும் காயவில்லை.