துடைக்காத கரி

1991 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது, வானில் மேகமில்லை, பாலைவனத்திலிருந்து கலிபோர்னியாவின் இந்த வறண்ட மலைக்கு வெப்பக் காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது, தலைக்குமேல் தொங்கும் ராக்கெட் எஞ்சினின் கூம்புக்குள் அகிலாண்டம் டார்ச்சைத் திருப்பியபோது கரியின் நடுவே ஒரு பிறை மின்னியது, நகக்கீறலாகத் தொடங்கி உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து மறுபடி மெலிந்த செம்புப் பிறை, யாரோ நாவால் நக்கி அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்ததுபோல. மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எண்ணற்ற துளைகள் வழியே தூவும் செம்புத் தட்டின்மேல் அந்தப் பிறை, எஞ்சின் நேற்று மாலை சில விநாடிகளே எரிந்து அணைந்தது, அணைந்தபின் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருக்க வேண்டும், ஓரிடத்தில் கரி ஒட்டவில்லை என்றால் அங்கே தீ நிலையாக எரியவில்லை, அதிர்ந்திருக்கிறது, கண்ணுக்கு எட்டாத வேகத்தில் அங்கும் இங்கும் மோதித் தன் கரியைத் தானே உரித்திருக்கிறது, சில விநாடிகளில் பிறை வரைந்த அதிர்வு முழு நேரம் கிடைத்தால் எஞ்சினைப் பிளக்கும், இன்று பத்து மணிக்கு அதற்கு முழு நேரம் கிடைக்கப்போகிறது, கிடைக்கலாம் என்று கையொப்பமிட வேண்டிய பொறியாளர் அவள். அதிர்வை அளக்கும் கருவி நேற்று ஒரு நடுக்கத்தையும் காட்டவில்லை, எப்படிக் காட்டும், சீசா பலகையின் நட்ட நடுவில் உட்கார்ந்த குழந்தைக்கு ஆட்டம் தெரியாது, அலை அசையாத கோட்டின்மேல் கருவியைப் பொருத்திவிட்டு அதன் அமைதியை எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

படிகளில் வாளி இடிபடும் ஓசை, இசக்கிமுத்து ஏறி வருகிறான், கோவில்பட்டிக்காரன், இந்தச் சோதனை மேடையின் பொறுப்பாளன், எஞ்சின் எரியும்போது மிக அருகிலுள்ள காங்கிரீட் அறையில் உட்காருபவன், தோளில் வெள்ளைத் துணி, என்னக்கா, விடிஞ்சும் விடியாம பிள்ளையக் கொஞ்ச வந்துட்டியளா, தள்ளுங்க, தொடச்சுட்டுப் போயிருதேன், எட்டு மணிக்குக் கோட்டுக்காரனுவ வாரானுவ, மூஞ்சி கழுவாத பொண்ண எந்த மாப்பிள்ள வீட்டுக்காரன் பாப்பான். தொடாதல இசக்கி, என்றாள், அவன் சிரித்தான், ஏனென்றால் துடைப்பது இங்கே சட்டமல்ல, பழக்கம், சட்டமென்றால் யாராவது மீறியிருப்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மானிய ஏவுகணைகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்துத் தொடங்கிய நிறுவனம் இது, அதன் முதல் எஞ்சின்கள் சாராயத்தில் ஓடின, சாராயம் கரி விடாது, எரிந்து அணைந்த எஞ்சின் கடையில் வாங்கிய பாத்திரம்போல் இருக்கும், படை அதிகாரிகளின் கண்ணுக்கு அந்தப் பளபளப்பு பழகிப்போயிற்று, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள், வலிமை கூடியது, கரியும் வந்தது, கறுத்த எஞ்சினைப் பார்த்து ஒரு தளபதி முகம் சுளித்தாராம், அன்றைக்கே துணியும் வாளியும் மேடையேறின, துடைத்துத்தான் படம் எடுத்தார்கள், படத்தை வைத்துத்தான் ஆய்வு செய்தார்கள், பின்னர் ஹைட்ரஜன் வந்தது, எரிந்தால் நீராவி தவிர ஒன்றும் மிஞ்சாது, துடைக்க ஏதுமில்லாத அந்த ஆண்டுகளிலும் துணியோடு ஏறினார்கள், இப்போது பழையபடி மண்ணெண்ணெய், அலுவலகச் சுவர் நெடுக ஆண்டு வரிசையில் அந்தப் படங்கள் மின்னுகின்றன, வெடித்துச் சிதறிய எஞ்சின்களுக்கு மட்டும் படமில்லை, அவற்றின் கறுப்பு எதிரேயுள்ள பாறைகளில் இருக்கிறது, மழைக்கும் போகவில்லை.

மண்ணெண்ணெய் வாடை, காற்று திரும்பும்போதெல்லாம் அது தூத்துக்குடி, பம்ப் ஸ்டவ்வின் வாடை, காற்றடித்து எண்ணெயைக் குழாயில் ஏற்றித் துளை வழியே சீறவிட்டால் அது ஸ்டவ், இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சீறவிட்டால் இந்த எஞ்சின், ஸ்டவ் இரைகிறது, அவளுக்குப் பதினொரு வயது, அடுத்த வீட்டுக்கு மணமாகி வந்த சண்முகவடிவு சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிடுகிறாள், ஏட்டி அகிலா, பூ வச்சிருக்கேன், வா, மறுநாள் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள் என்று தெரு சொன்னது, போலீஸ்காரர் எந்த ஸ்டவ் என்று கேட்டார், மாமியார் பரணிலிருந்து இறக்கிக் காட்டினாள், புளி போட்டுத் தேய்த்த பித்தளை, ஒரு நெளிசல் இல்லை, ஒரு பொட்டுக் கரி இல்லை, போலீஸ்காரர் அதைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, நல்லா வச்சிருக்கியளே ஆச்சி, என்றார், வெடித்தது என்று எழுதிக்கொண்டு போனார், சன்னல் கம்பிக்குள் முகம் புதைத்து அகிலாண்டம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பித்தளையில் அவள் முகம் வளைந்து தெரிகிறது, சண்முகவடிவு வாளியோடு மேடையில் நிற்கிறாள், இல்லை, இசக்கி, இசக்கிதான், அக்கா என்ன அப்பிடிப் பாக்கிய என்கிறான்.

உள்ள பாரு, என்று டார்ச்சைக் கொடுத்தாள். தலையைக் கூம்புக்குள் நீட்டியவன் வெளியே எடுக்க நேரமானது. இத்தன நாள் படத்துல ஒண்ணும் தெரியலியேக்கா. தொடச்சுட்டுல்லா படம் எடுக்கிய. அவன் வாளியைப் பார்த்தான், அப்ப இதுக்கு முன்னாடி இது மாரி எத்தனயத் தொடச்சேனோ, என்று மெல்லச் சொன்னான், காற்று மேடையின் தகரங்களைத் தட்டிக்கொண்டே இருந்தது. இன்னைக்கு ஓடலன்னா ஒப்பந்தம் வேற கம்பெனிக்குப் போயிரும், மலையவே பூட்டிருவானுவ, வீட்டுக்காரி மாசமா இருக்கா, தெரியும்லா. தெரியும், ஓடுனா நீ எங்க உக்காந்திருப்ப, அதையும் சொல்லு. அவன் துணியைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கைப்பிடிக் கம்பியில் போட்டான், காற்று அதை உடனே கொண்டுபோயிற்று, யாரும் பிடிக்கவில்லை.

எட்டு மணிக்குத் திட்ட இயக்குநர் ஹாலரன் வந்தார், பின்னால் எஞ்சினை வாங்க வந்த கோட்டணிந்த மூவர், ஏன் இன்னும் துடைக்கவில்லை என்பதுதான் அவரது முதல் கேள்வி. அவள் கூம்புக்குள் கை நீட்டிப் பெருவிரலால் பிறையின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். கருவி அமைதியாக இருக்கிறதே அகி, இதை ஒரு கறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா. நான் கறையைச் சொல்லவில்லை, கறை இல்லாத இடத்தைச் சொல்கிறேன். நீ மறுத்துக் கையொப்பமிட்டால் இந்த மலையையே மூடிவிடுவார்கள், தெரியுமா. தெரியும். அவர் தாளையும் பேனாவையும் நீட்டினார், ஸ்டவ் எங்கோ இரைந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது, எரியூட்டக் கூடாது என்று எழுதிக் கையொப்பமிட்டாள், பெயர் முழுவதையும், அமெரிக்கர்கள் வெட்டிச் சுருக்கிய பகுதியையும் சேர்த்து, தாளை அவர் பக்கம் திருப்பி நீட்டியபோது அதன் வெள்ளை ஓரத்தில் அவளுடைய பெருவிரல் பதிந்திருந்தது, ஒரு கரிப்பிறை, ஹாலரனின் இடக்கை துடைக்கும் பழக்கத்தில் கைக்குட்டைக்குப் போய்ப் பாதியில் நின்றது, வலக்கை தாளை வாங்கிக்கொண்டது.