நாற்பத்திரண்டு மீட்டர்

1

இதை என் கதை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "இனிமே யாராவது என் ஆபீசை 'சுதந்திரமான அமைப்பு'ன்னு சொன்னா அறைஞ்சிடுவேன்" என்றாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்தேன். தம்பி என்ற முறையில் செய்யக் கூடாத காரியம்தான்.

அக்கா மதுபான உரிம ஆணையர். எந்தத் தெருவில் மதுக்கடை வரலாம், எங்கே வரக் கூடாது என்று முடிவு செய்பவள். 'ஆணையர் எவருடைய உத்தரவுக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்' என்கிறது சட்டம். ஆனால் அவள் உட்காரும் அறை, அவளுடைய எழுத்தர், அவள் ஏறிப் போகும் வண்டி எல்லாமே மது வரி வசூலிக்கும் துறையுடையவை. (மது எவ்வளவு விற்கிறதோ அவ்வளவுக்கு அந்தத் துறை செழிக்கும். இதை நான் அடைப்புக்குறிக்குள் போடக் காரணம், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.)

2

என் முதல் தொடக்கம் இது: 'இருண்ட அறையில், சுருட்டுப் புகைக்கு நடுவே, துறைச் செயலாளர் மேசையை ஓங்கிக் குத்தி'

அக்கா அதற்கு மேல் படிக்கவில்லை.

"அவர் சுருட்டெல்லாம் பிடிக்க மாட்டார்டா. மேசையையும் குத்த மாட்டார். ரொம்பத் தன்மையாப் பேசுவார். அதுதான் பிரச்சினையே."

வில்லனே இல்லாமல் நான் எதை வைத்துக் கதை ஓட்டுவது? சரி, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பொது மருத்துவமனையின் குடிநோய் மீட்புப் பிரிவுக்கு எதிரே கடை திறக்க ஒரு பெரிய நிறுவனம் விண்ணப்பித்தது. மருத்துவமனைக்கும் மதுக்கடைக்கும் நடுவே நூறு மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே வாசலுக்கு வாசல் நாற்பத்திரண்டு. கோப்பில் 'மறுக்கலாம்' என்று அக்கா எழுதினாள். மை காய்வதற்குள் செயலாளர் போன் செய்தார்.

"உத்தரவு போடறேன்னு நினைச்சுக்காதீங்க மேடம். உங்க அதிகாரத்துல நான் தலையிடவே மாட்டேன். ஒரு சின்ன யோசனை, அவ்வளவுதான். நோயாளிங்க சாலையைக் குறுக்கே கடக்கக் கூடாது இல்லையா? நடைமேம்பாலம் வழியாப் போனா நூத்தி எட்டு மீட்டர் வருது."

"படியையும் சேர்த்தா?"

"படியையும் சேர்த்துத்தான் மேடம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

3

அடுத்த வாரம் அவளுடைய எழுத்தரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். வண்டி பழுதுபார்க்கப் போனது, போனதுதான்.

[இங்கே தன்னாட்சி அமைப்புகளைப் பற்றி மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். சாரம் இதுதான்: ஒருவருக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அவருடைய பேனாவை இன்னொருவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது.]

கோப்பிலிருந்த அளவைத் தானே சரிபார்க்க, அக்கா அளவுநாடாவோடு பஸ் ஏறிப் போனாள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. மீட்புப் பிரிவின் வாசல் பெஞ்சில், மருத்துவமனை உடையில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"நான் பிடிக்கட்டுமாம்மா? தச்சு வேலை பார்க்கிறவன். நாடா பிடிக்கத் தெரியும்." பிடித்துக்கொண்டே கேட்டார்: "எதுக்கு அளக்குறீங்க?"

"எதிர்ல மதுக்கடை வரலாமான்னு பார்க்க."

அவர் நாடாவின் முனையை வாசற்படியில் வைத்து அழுத்தினார். பிறகு, "குடிய விட்டுப் பதினேழு நாள் ஆச்சு. என் கட்டில்லேர்ந்து பார்த்தா அந்த எதிர்க்கடை ஷட்டர்தான் தெரியும். மூடியிருக்கிற வரைக்கும் பரவாயில்ல" என்றார். அக்கா நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்: "கடை வந்தா மேம்பாலம் ஏறியா போவீங்க?"

"அவ்வளவு தூரம் நடக்கிறதுக்குள்ள புத்தி வந்துடுமேம்மா."

'தச்சரின் கண்களில் நீர்' என்று எழுதத் தொடங்கினேன்.

"அவர் அழல. நாடாவைத் தொய்யாம இழுத்துப் பிடிச்சாரு. அதை எழுது" என்றாள் அக்கா.

4

அளவு அதே நாற்பத்திரண்டுதான். அக்கா தானே இரண்டு விரலால் தட்டச்சு செய்து மறுப்பு உத்தரவைப் பிறப்பித்தாள். செயலாளர் பாராட்டினார்.

"அருமையான உத்தரவு மேடம். அரசிதழ்ல வந்தாத்தானே செல்லும்? அது எங்க வேலை. கொஞ்சம் வரிசை இருக்கு."

மூன்று வாரமாக வரிசை நகரவில்லை. அக்கா சட்டப் புத்தகத்தைக் கடைசி அட்டவணைவரை படித்தாள். சம்பந்தப்பட்ட இடத்தின் வாசலில் ஒட்டினாலும் உத்தரவு செல்லும் என்று ஒரு வரி இருந்தது. ஒரு பசைப்புட்டி வாங்கினாள். ஐம்பத்தாறு வயது ஆணையர், பட்டப்பகலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஷட்டரில் உத்தரவை ஒட்டி நான்கு மூலையையும் உள்ளங்கையால் தேய்த்துவிட்டு வந்தாள்.

"கதையை இங்கேயே முடிச்சிடலாம்க்கா" என்றேன். எனக்குப் புல்லரித்திருந்தது.

"மேல்முறையீடு போட்டிருக்காங்கடா."

"யார்கிட்ட?"

"செயலாளர்கிட்ட."

5

எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) அக்கா ராஜினாமாக் கடிதத்தைச் செயலாளர் மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல்

ஆ) நீதிமன்றம் செயலாளரைக் கூண்டில்

முதலாவதைப் படித்துக் காட்டி, "இதுதான்க்கா எடுப்பா இருக்கு. நீ ராஜினாமா பண்ணிடேன்" என்றேன். அவள் என் நோட்டைப் பிடுங்கி மூடினாள்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? நான் போயிட்டா அந்த இடத்துக்கு யார் வருவான்னு யோசிச்சியா? நான் என்ன பண்ணணும்னு ஆளாளுக்கு எழுதி வச்சிருக்கீங்க. என்னைக் கேட்டது அந்தத் தச்சர் ஒருத்தர்தான். அதுவும், எதுக்கு அளக்குறீங்கன்னு."

இரண்டு முடிவுகளையும் கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் செயலாளர் முன்னால் விசாரணை. தன் உத்தரவுக்காக அக்கா தானே வாதாடப் போகிறாள். என்ன பேசப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. முடிவை எழுதப் போவதும் இல்லை. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 'ஒரு சின்ன யோசனை' சொல்ல உங்களை இதுவரை யாரும் போனில் கூப்பிடவில்லை என்று நம்புகிறேன்.

கூப்பிடுவதற்குள் எழுதிவிடுங்கள்.