நார்மா வாயைத் திறக்காத சனிக்கிழமை

நார்மா திரெல்ஃபாலின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று கால்டர்ஷாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மில் லேன் மைதானத்தின் கிழக்குப் பக்கம், ஆறாவது வரிசையில் உட்கார்ந்து அவள் கத்தினால், மேற்குப் பக்கத்தில் தேநீர் விற்கிறவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். வாரத்தில் ஐந்து நாள் ஒன்பதாம் எண் பேருந்தை ஓட்டுகிறாள். அந்த ஐந்து நாளும் பயணிகளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசியதற்கெல்லாம் சேர்த்து, சனிக்கிழமை மூன்று மணிக்குக் கால்டர்ஷா டவுன் கால்பந்து அணியின் தலையில் கொட்டித் தீர்ப்பாள். முப்பத்தொரு வருடமாக இதுதான் நடக்கிறது. எதிரணியை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் யாரோ எவரோ, அவர்களைத் திட்டி நமக்கு என்ன ஆகப்போகிறது என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், இன்றைக்கு ஒருநாள் வாயைத் திறக்காதே என்று ஒருத்தி கேட்டாள். துணிச்சலைப் பாருங்கள்!

அந்த ஒருத்தி பிரையனி லாத்வெல். கிளப் திவாலானதும் நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகி. பழைய முதலாளி ஊரெல்லாம் கடனை வைத்துவிட்டு எங்கோ கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பிரையனி வந்து, விற்கக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் எண் போட்ட காகிதத்தை ஒட்டினாள். நாற்காலிக்கு எண், கெட்டிலுக்கு எண், ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தைச் சுற்றி வந்து குழந்தைகளோடு கை குலுக்கும் வாத்து வேடத்துக்கும் ஓர் எண். திவாலான குற்றத்துக்காக போட்டி நடத்தும் லீக்காரர்கள் பன்னிரண்டு புள்ளியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டியலில் நடுவில் இருந்த அணி ஒரே நாளில் அடியில் போய் விழுந்தது. ஆட்டக்காரர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் கிடையாது. அடுத்த வியாழக்கிழமைக்குள் கிளப்பை வாங்க ஓர் ஆள் வர வேண்டும். வராவிட்டால் கலைத்துவிடுவார்கள், மைதானத்தில் வீடு கட்டுவார்கள். நூற்றுப் பதினாறு வருடக் கதை அதோடு முடிந்தது.

"ஒரே ஒருத்தர்தான் மிச்சம், நார்மா," என்றாள் பிரையனி. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நுழைவாயிலிலேயே மடக்கிவிட்டாள். "இன்னிக்கு ஆட்டம் பாக்க வர்றார். ராட்னி மர்காட்ராய்ட்னு பேரு. மெத்தை கம்பெனி வெச்சிருக்கார்."

"எந்த ஊரு?"

பிரையனி கொஞ்சம் இழுத்தாள். "யார்க்‌ஷயர்."

"அட கடவுளே! மலைக்கு அந்தப் பக்கத்து ஆளா? அவங்களுக்கும் நமக்கும் என்னிக்கு ஆச்சு? நம்ம லங்காஷயர்ல ஒரு ஆம்பளை பொம்பளை கிடைக்கலையா உனக்கு?"

"கிடைக்கல. கிடைச்ச ஒருத்தரும் போன மாசம் ஓடிட்டார். ஏன்னு தெரியுமா?" பிரையனியின் குரல் தணிந்தது. "உங்களுக்கு நேர் பின்னாடி உக்காந்திருந்தார். இடைவேளையிலயே எழுந்துட்டார். சொந்த ஜனங்களே இந்தத் திட்டு திட்டற அணிய நான் எதுக்கு வாங்கணும்னு கேட்டார்."

தன் வாயால் ஒரு முதலாளி போய்விட்டாரா என்று நார்மா திகைத்தாள். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, புருஷனோடு பேசிப் பதினாறு வருடம் ஆகிறது. இந்த ஊரில் அவளுக்கு என்று இருப்பது அந்த ஆறாவது வரிசை ஒன்றுதான். அதையும் தானே கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தபோது அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"நான் என்ன பண்ணணும் சொல்லு, கண்ணு."

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதான் வேணும். கை தட்டுங்க, சிரிங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் ஜனங்களோட ஜனமா உக்காரணுமாம். உங்க பக்கத்து சீட்டுதான் கொடுத்திருக்கேன். அங்கேருந்துதான் மைதானம் நல்லாத் தெரியுது."

"அது டெஸ்மண்ட் சீட்டாச்சே!"

"ஒருநாள் பின் வரிசையில உக்காந்தாக் குறைஞ்சா போயிடுவார்?"

குழாய் வேலை செய்யும் டெஸ்மண்ட், இருபத்திரண்டு வருடமாக நார்மாவுக்கு வலப்பக்கம் உட்காருகிறவன், குறைந்துதான் போனான். ஏழாவது வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் இடத்தில் மர்காட்ராய்ட் வந்து அமர்ந்தார். அறுபது வயதிருக்கும். தட்டைத் தொப்பி, கனத்த கோட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச். நார்மா ஒரு பெரிய புதினா மிட்டாயை எடுத்து உள்ளே போட்டு, வாய்க்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கிய ஒன்பதாவது நிமிடம், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் கிரேக் வின்ஸ்டான்லி பந்தை அழகாக எதிரணி ஆளின் காலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். கோல். கிழக்குப் பக்கம் முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. இழுத்த மூச்சை வெளியே விடாமல் கை தட்டியது.

"நல்ல முயற்சி," என்றாள் நார்மா. மிட்டாய் பல்லில் நறநறவென்றது.

"அருமை, அருமை," என்று பின்னாலிருந்து டெஸ்மண்ட் சொன்னான். அவன் தொண்டையை யாரோ நெரிப்பதுபோல் கேட்டது.

இடைவேளைக்கு முன்னால் இன்னொரு கோல் விழுந்தது. அதற்கும் கை தட்டினார்கள். மர்காட்ராய்ட் சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"ஏம்மா, இங்க எப்பவும் இப்படித்தானா?"

"எப்படிங்க ஐயா?"

"இவ்வளவு அமைதியா."

"நாங்க ரொம்ப மரியாதையான ஜனங்க, ஐயா."

டெஸ்மண்டுக்குப் புரையேறியது. குடித்துக்கொண்டிருந்த சூடான மாட்டிறைச்சிச் சாறு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"என் மெத்தையில படுக்கறவங்ககூட இவ்வளவு நல்லாத் தூங்க மாட்டாங்க," என்றார் மர்காட்ராய்ட். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று நார்மாவுக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்து வைத்தாள்.

இரண்டாம் பாதி இன்னும் மோசம். நார்மா மூன்றாவது மிட்டாய்க்கு வந்துவிட்டாள். தொண்டையில் வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு நின்றன. நடுவில் ஆடுகிறவன் நடைப்பயிற்சிக்கு வந்தவன்போல உலாத்தினான், கோல் காக்கும் கோலி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அறுபதாவது நிமிடம் மர்காட்ராய்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். நான்கு வரிசை கீழே உட்கார்ந்திருந்த பிரையனி திரும்பி, நார்மாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பாத குறையாகக் கெஞ்சினாள். இன்னும் அரை மணி நேரம், பொறுத்துக்கொள் என்று அர்த்தம்.

அப்போதுதான் பந்து வெளியே போனது. எல்லைக்கோட்டிலிருந்து எறிவதற்காகக் கிரேக் வந்தான். அவர்களுக்கு நேர் எதிரே நின்று பந்தைச் சட்டையில் துடைத்தான். இருபத்து மூன்று வயது. சம்பளம் நின்றதிலிருந்து விடியற்காலையில் வீடு வீடாகப் பார்சல் போட்டுவிட்டு ஆட வருகிறான். அவன் பந்தை எறியாமல் மேலே பார்த்தான்.

"நார்மாக்கா! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அப்ப எங்க மேல கோவமா? முதல் நிமிஷத்துலேர்ந்து காதத் தீட்டிட்டு இருக்கேன், ஒண்ணும் வரல. எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. எனக்குக் காலே ஓடலக்கா. எங்கள விட்டுட்டீங்களா?"

நடுவர் விசில் ஊதி, சீக்கிரம் எறி என்று கையைக் காட்டினார். கிரேக் அசையவில்லை. மூக்கு சிவந்திருந்தது. குளிரால் மட்டும் சிவந்ததாக நார்மாவுக்குத் தோன்றவில்லை.

பிரையனிக்குக் கொடுத்த வாக்கு அவளுக்கு நினைவிருந்தது. வியாழக்கிழமையும் நினைவிருந்தது. கிளப் போனால் போகட்டும், போகிற கடைசி வாரத்தில் இந்தப் பையனை அநாதையாக நிற்க விடுவதா? அவளால் முடியவில்லை. மிட்டாயைக் கைக்குட்டையில் துப்பினாள். எழுந்தாள்.

"டேய் கிரேக்! இடது காலு எதுக்குடா வெச்சிருக்கே, சாக்ஸ் காயப்போடவா? அங்க கோல் வாசல்ல டங்கன் தனியா நின்னு வேர் விடறான், உன் கண்ணுல படலையா? ஓடுடா, தடிமாடே! பார்சல் போடறப்ப மட்டும் ஓடத் தெரியுதில்ல!"

மேற்குப் பக்கத்துத் தேநீர்க்காரி கோப்பையைக் கீழே வைத்தாள். கிரேக்கின் வாய் காது வரை விரிந்தது.

"அந்த நடு ஆளு என்னடா, நட்டு வெச்ச கம்பமா?" என்று டெஸ்மண்ட் ஆரம்பித்தான். "கோலி! மேகத்த எண்ணி முடிச்சாச்சா?" என்று யாரோ கேட்டார்கள். அவ்வளவுதான். ஒரு மணி நேரமாக அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வெடித்தது. கிழக்குப் பக்கம் திட்டியது, மேற்குப் பக்கம் திட்டியது, வாத்து வேடத்துக்குள் இருந்தவன்கூட வாத்துத் தலையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு திட்டினான். பிரையனி தலையைக் கையில் தாங்கிக் குனிந்துகொண்டாள்.

எழுபத்தொன்றாவது நிமிடம் கிரேக் இடது ஓரமாகப் பறந்து போய்ப் பந்தைத் தூக்கிப் போட்டான். நெட்டை டங்கன் தலையால் முட்டினான். கோல்! நார்மா யாரைக் கட்டிப்பிடிக்கிறோம் என்று பார்க்காமல் பக்கத்தில் இருந்த கனத்த கோட்டைக் கட்டிப்பிடித்தாள்.

சமன் செய்துவிடுவார்கள் என்று எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்திருந்த நேரம், எண்பதாவது நிமிடம், பயிற்சியாளர் என்ன நினைத்தாரோ, கோல் போட்ட டங்கனையே வெளியே கூப்பிட்டார். மைதானமே அலறியது. ஆனால் அத்தனை குரலையும் அமுக்கிக்கொண்டு ஒரு குரல் நார்மாவின் காதுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பியது.

"யோவ்! கோல் போட்டவன எவனாவது வெளிய எடுப்பானா? தலைக்குள்ள என்னய்யா வெச்சிருக்கே, பஞ்சா?"

மர்காட்ராய்ட் எழுந்து நின்றிருந்தார். கோட்டுப் பொத்தான் எல்லாம் திறந்து கிடந்தது. தொப்பி கையில் இருந்தது. மிச்ச சாண்ட்விச் முன்வரிசைக்காரர் தோளில் கிடந்தது.

"யோவ் உக்காருய்யா, மறைக்குது!" என்று கத்தினாள் நார்மா. கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பெரிதாக ஒன்றும் ஆச்சரியமில்லை. கூட்டம் வயிறாரத் திட்டிக்கொண்டு, நல்ல முகத்தோடு வெளியேறியது. நார்மா மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. பிரையனி படியேறி வருவதைப் பார்த்தாள். தப்பு செய்தது தான்தான், மன்னிப்பும் தானே கேட்டுவிடலாம் என்று திரும்பினாள்.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. இந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. என் வாய்தான்..."

"இப்ப ஐயாவா? பத்து நிமிஷம் முன்னாடி யோவ்னு கூப்பிட்டே." மர்காட்ராய்டின் முகம் இன்னும் சிவந்தே இருந்தது. "ஒரு மணி நேரம் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்த ஊர் இந்த அணியப் பொதச்சுட்டு, ஒரு மரியாதைக்குக் கை தட்டுதுன்னு நெனச்சேன். கார் சாவியக்கூடக் கையில எடுத்துட்டேன்."

நார்மா மெதுவாகத் திரும்பிப் பிரையனியைப் பார்த்தாள். பிரையனி தன் காலணியைப் பார்த்தாள்.

"அப்ப வாங்கறீங்களா?" என்று நார்மா கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தெரியாது. கூரை ஒழுகுது, கடன் கழுத்து வரைக்கும் இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள சொல்றேன். இப்ப எந்த வாக்கும் தர மாட்டேன்." அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை ஒரு ஆட்டம் இருக்காமே? இதே சீட்டு கிடைக்குமா?"

"அது என் சீட்டு," என்றான் டெஸ்மண்ட்.

பிரையனிக்கு முகம் வெளுத்துவிட்டது. "டெஸ்மண்ட், தயவு செஞ்சு..."

மர்காட்ராய்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கிளப்பையே வாங்கினாலுமா?"

"வாங்கினாலும் அது என் சீட்டுதான்."

மர்காட்ராய்டின் தோள் முதலில் குலுங்கியது, பிறகு வயிறு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சரிப்பா. பின்னாடி உக்காந்துக்கறேன். இந்த அம்மா குரல் அங்கயும் கேக்கும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போன பிறகு பிரையனி பையைத் திறந்து, விற்கிற பொருளுக்கு ஒட்டுகிற காகிதத்தில் ஒன்றைக் கிழித்தாள். எண் எழுதவில்லை. மர்காட்ராய்ட் என்று பெயரை எழுதி, ஏழாவது வரிசையில் டெஸ்மண்ட் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒட்டி, விரலால் நாலு மூலையையும் அழுத்தினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் கடுகடு என்றிருந்தது. இப்போது நமக்குத் திட்டு இருக்கிறது என்று நார்மா தயாரானாள்.

"ஆனா நார்மா," என்றாள் பிரையனி, "அந்த டங்கன எதுக்கு வெளிய எடுத்தான் அந்த மடையன்?"