மூன்றாம் மாடியில் ஒரு கருத்து

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள்:

சபேசன், முதல் மாடி, குழுவின் அட்மின்.
தணிகாசலம், நான்காம் மாடி, எல்லாருக்கும் சார்.
ஹேமலதா, இரண்டாம் மாடி.
அமுதவல்லி, ஹேமலதாவுக்கு எதிர் வீடு, ரத்த வங்கியில் வேலை.
பார்த்துவிட்டுப் பேசாதவர்கள் முப்பத்தொரு பேர்.

குழு மூன்றாம் மாடியில் இருந்தது. முன்பு அது எல்லாருடைய கைபேசியிலும் இருந்தது. ஆட்கள் கூடியதும் இடம் போதாமல் மூன்றாம் மாடி ஹாலுக்கு மாற்றினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே எதைச் சொன்னாலும் அது வாயிலிருந்து தரையில் விழும். காலை வணக்கம் சொன்னால் ரோஜாப்பூ விழும். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் கேக் விழும். அதை யாரும் சாப்பிட மாட்டார்கள்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தணிகாசலம் சார் தொண்டையைச் செருமினார்.

"நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. சில ஆளுங்க குடிவந்த பிறகு தொட்டித் தண்ணி ருசியே மாறிப்போச்சு. படிச்சாலும் வேலைக்குப் போனாலும் ரத்தத்துல இருக்கறது போகுமா?"

கருத்து தரையில் விழுந்தது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. எழுந்து நின்று ஈரத்தை உதறியது.

சில ஆளுங்க என்றால் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு வீடு. அது எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு பேருடைய நெற்றியிலும் இரண்டு நீலக் கோடுகள் தோன்றின. பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு எல்லாரும் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். ரோஜாக்கள் கொட்டின. குழுவில் அசிங்கமாக ஏதாவது விழுந்தால் அதன்மேல் பூவைப் போட்டு மூடிவிடுவது அங்கே மரியாதை. பூவுக்கு அடியில் கருத்து குறட்டை விட்டுத் தூங்கும். இதுவரை எதுவும் செத்ததாகத் தகவல் இல்லை.

மூன்று வருடங்களில் அந்த ஒரு வீட்டு அமுதவல்லியும் ஏழு முறை அப்படிப் பேசாமல் விட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் வீட்டுச் சுவர் ஒரு சாண் உள்ளே வந்தது. முதலில் மேசை வெளியே போனது. பிறகு நாற்காலிகள். போன வாரம் மகள் இலக்கியாவின் கட்டில் போனது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றபடி தூங்கினாள். நின்றபடி படித்தாள். இன்னும் ஒரு சாண் வந்தால் நிற்கவும் இடமில்லை.

"பரவாயில்லம்மா, நான் மூச்சப் பிடிச்சுக்கறேன்" என்று அன்று காலையில்தான் இலக்கியா சொல்லியிருந்தாள்.

அமுதவல்லி எழுந்தாள். ஹேமலதா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க அமுதா. நாம பாக்கணும்னுதான் அது நிக்குது. கண்டுக்கலன்னா தானா இளைச்சுடும்."

"மூணு வருஷமா கண்டுக்கலையே ஹேமா. இளைச்ச மாதிரியா தெரியுது?"

ஹேமலதா கருத்தை உற்றுப் பார்த்தாள். "இல்ல" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். இன்னொரு ரோஜாவைப் போட்டாள்.

"பதில் சொல்லணும்னா ஃபாரம் இருக்கும்மா" என்று சபேசன் ஒரு தாளை நீட்டினார்.

அமுதவல்லி படித்தாள். பெயர். இருப்பதற்கான காரணம். புண்பட்ட இடம். புண்ணின் நீள அகலம். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. சாட்சிகள் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்களாக இருக்க வேண்டும்.

"அவர் பேசினப்ப ஃபாரம் கேட்டீங்களா?"

"அவர்தான் யாரையும் குறிப்பிடலையேம்மா."

ஒரு நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அமுதவல்லி தாளை நான்காக மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது. சபேசன் நன்றி சொன்னார்.

அவள் ரோஜாக்களை விலக்கிக்கொண்டு கருத்தின் முன்னால் போய் நின்றாள்.

"இருபத்திரண்டு வருஷமா ரத்தத்தோடதான் என் வேலை. பையில ஏ, பி, ஏபி, ஓன்னு எழுதுவோம். நீ சொல்றத எழுத லேபிள்ல இடமே கிடையாது."

அவள் வாயிலிருந்து ரத்தப் பைகள் லேபிளோடு விழுந்தன. கருத்து ஒவ்வொன்றாகத் தின்றது. ஒரு முழம் வளர்ந்தது.

"ஆதாரம்?" என்றது.

அவள் ஆதாரம் கொடுத்தாள். அதையும் தின்றது. இப்போது எருமை அளவு இருந்தது.

"வேற?" என்றது.

தணிகாசலம் சார் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லா சூடா போகுது. எல்லாரும் பேசலாமே" என்றார்.

அமுதவல்லி வாயை மூடிக்கொண்டாள். பேசாமல் விட்டால் சுவர் வருகிறது. இதனோடு பேசினால் இது வளர்கிறது. அதன் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனை தணிகாசலம் சார் கையில் இருந்தது.

அவள் எருமையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"தணிகாசலம்" என்றாள்.

சார் இல்லாமல் அந்தப் பெயரை அந்தக் கட்டடம் கேட்டதில்லை. மின்விசிறி ஒரு சுற்றைத் தவறவிட்டது.

"சில ஆளுங்கன்னா யாரு?"

"பொதுவா சொன்னேம்மா."

"பொதுவான்னா எந்த மாடி?"

அவர் சபேசனைப் பார்த்தார். சபேசன் நாற்காலிக் காலைப் பார்த்தார்.

"நான்தான் அந்த ஆளு" என்றாள் அமுதவல்லி. "எங்கம்மா நகராட்சியில தெருக் கூட்டுனாங்க. கூட்டுன கையால என்னைப் படிக்க வெச்சாங்க. நான் எதையும் ஒளிச்சு வெக்கல. நீங்கதான் என் பேரச் சொல்லாம ஒளிஞ்சுக்கறீங்க. தண்ணிய என்ன பண்ணேன்? என் ரத்தத்துல என்ன இருக்கு? என் மூஞ்சியப் பாத்து, அமுதவல்லின்னு பேரச் சொல்லி, இன்னொரு தடவ சொல்லுங்க."

இந்த முறை எதுவும் தரையில் விழவில்லை. சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றது.

தணிகாசலம் வாயைத் திறந்தார். "அ" என்றார். சுண்டெலி போல ஒன்று அவர் வாயிலிருந்து விழுந்து நாற்காலிக்கு அடியில் ஓடியது. எருமையின் முன்னங்கால்கள் மடங்கின.

"சொல்லுங்க சார், நானும் கேக்கறேன்" என்றாள் ஹேமலதா. கையில் இருந்த ரோஜாவை அவள் போடவில்லை.

கீழேயிருந்து இலக்கியா கத்தினாள். "அம்மா! சுவர் பின்னாடி போகுது! கைய நீட்டுறேன், முட்டல!"

"ரெண்டு கையையும் நீட்டு" என்று அமுதவல்லி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். முப்பத்தொரு பேருக்கும் கேட்கும்படிதான் கொடுத்தாள்.

தணிகாசலம் எழுந்தார். "எனக்கு மரியாதை இல்லாத குழுவில நான் இருக்க மாட்டேன். வெளிய போறேன்."

அவர் இப்படி வெளியே போவது புதிதல்ல. மாதம் ஒருமுறை போவார். போகும்போது மெதுவாகப் போவார். சபேசன் பின்னாலேயே ஓடி, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையை அழைப்பதுபோல் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவார். அதன்பிறகு, யாருக்கு வலித்ததோ அவர் மன்னிப்புக் கேட்பார். அதுதான் முறை.

தணிகாசலம் கயிற்றை இழுத்தார். கருத்து தத்தித் தத்திப் பின்னால் போனது. வாசலைத் தாண்டியதும் அவர் இடது செருப்பை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். சபேசன் தட்டோடு எழுந்தார்.

"நீங்க உக்காருங்க சார், நான் போறேன்" என்றாள் அமுதவல்லி.

முப்பத்தொரு பேரும் பெருமூச்சு விட்டார்கள். அவளே போய் அழைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. தணிகாசலமும் அப்படித்தான் நினைத்தார். முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு, பிடிக்க வசதியாக ஒரு கையை மட்டும் வாசலுக்குள் நீட்டி வைத்திருந்தார்.

அமுதவல்லி அந்தக் கையைப் பார்த்தாள். கதவு இடிக்காதபடி இரண்டு விரலால் அதை வெளியே நகர்த்தினாள். கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.