வலப்பக்கத்து இடைவெளி

சிப்பியின் உள்ளே பார்க்காமல் வாயைவிட்டது அக்காவின் தப்புதான். அருங்காட்சியகத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள். இவளோ பதினெட்டு வருடமாக அங்கே சிப்பிகளை இனம் பிரிக்கிறவள்.

கல்குவாரியில் பாறை துளைக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்த சிப்பி அது. கட்டைவிரல் நகமளவு, தொப்பி வடிவம். என்றைக்கோ கடல் பாறையில் ஒட்டிக் கிடந்து, கல்லாகிப் போனது. மேலே ஓடிய வரிகளைப் பார்த்ததுமே, "இது புது இனம்டா, உன் பேரையே வைக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டாள். இவள் படிக்க வேண்டுமென்று பதினைந்து வயதில் வேலைக்குப் போனவன் அவன். அது அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. அவனோ குவாரி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டான். அங்கே இப்போது அவனுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர், பாதி கிண்டலாக.

சிப்பிக்குள் அடைத்திருந்த கல்லை ஊசியால் சுரண்டி எடுக்க மூன்று வாரம் பிடித்தது. அடியில், பாறையைப் பற்றியிருந்த தசையின் தழும்பு லாடம் போலத் தெரிந்தது. அவள் நினைத்த இனமாக இருந்தால் லாடத்தின் வாய் தலைப்பக்கம் திறந்திருக்க வேண்டும். இது வலப்பக்கம் திறந்திருந்தது. அப்படியென்றால் சிப்பியின் குடும்பமே வேறு. அந்தக் குடும்பத்தின் பழைய மாதிரிகளை எடுத்து ஒப்பிட்டாள். ஒன்று வரிக்கு வரி பொருந்தியது. யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்ட சாதாரணச் சிப்பி.

ஊசி கொஞ்சம் வழுக்கினால் போதும், தழும்பு போய்விடும், புது இனம் என்றே சொல்லிவிடலாம், கேட்பாரில்லை. ஊசியை எடுத்தும் விட்டாள். பிறகு தன்னைக் கண்டே பயந்துபோய், ஊசியை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள்.

"அது புதுசு இல்லடா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் நின்றது.

"அப்போ அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கா?"

"இருக்கு."

"சரி, விடு. இவனுங்க கேட்டா என்னக்கா சொல்றது?"

"உங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

"அதை எப்படிச் சொல்றது?" என்றான் தம்பி. "இத்தனை வருஷமா இங்க உன்னைப் பத்தி வேற மாதிரில்ல சொல்லி வச்சிருக்கேன்."