நம்ம ஊட்டு விருந்து

எங்கள் கரஸ்பாண்டெண்ட் பாலுசாமி நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. ஒருவர் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். வாய் வலிக்கத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

விசைத்தறியில் சம்பாதித்த பணத்தைப் போட்டு அவர் கருமத்தம்பட்டியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடம் கட்டினார். கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடம் பேசும் நெசவுக்காரர் பிள்ளைகள், பேக்கரி வைத்திருந்த மலையாளத்துக்காரர் பிள்ளைகள், நூல் வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட சேட்டு வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் அங்கே படித்தார்கள். காலனிப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் வாங்காமல் இடம் கொடுத்தார். அதற்காகச் சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டியும் கொண்டார். நான் அந்தப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பெயர் கயல்விழி. வேலை கொடுக்கும்போது அவர் என் டிகிரியைப் பார்த்தாரே தவிர என்ன சாதி என்று கேட்கவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆண்டு விழாவைப் புது மாதிரி நடத்தப் போவதாக ஸ்டாஃப் மீட்டிங்கில் அறிவித்தார்.

"அவங்கவங்க ஊட்டுச் சமையலைக் கொண்டாந்து ஸ்டால் போடோணுமுங்க. அவங்கவங்க குலதெய்வம், நோம்பி, சீரு, அல்லாத்தையும் மைக்குல சொல்லோணும். அப்பா அம்மாளையும் கூட்டிட்டு வாங்க. ஒருத்தரை ஒருத்தரு தெரிஞ்சுக்காம ஒத்துமை எப்படிங்க வரும்? பேரு வெச்சாச்சு. நம்ம ஊட்டு விருந்து."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கொங்கு ஊட்டு ஸ்டாலைக் கயல்விழி டீச்சரும் எங்க அக்காளும் பாத்துக்குவாங்க." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவருடைய அக்கா குழந்தையம்மாள் வீட்டின் பின்பக்கப் போர்ஷனில்தான் நான் இரண்டு வருஷமாகக் குடியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீடு தேட என்னோடு வந்தவர் தமிழ் டீச்சர் ராமாமணி. காலையிலிருந்து ஏறி இறங்கிய வாசலில் எல்லாம் "என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். எல்லா வாசலிலும் நான் உண்மையைத்தான் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. "இப்பத்தானுங்க அட்வான்ஸ் வாங்குனோம்", "பையன் குடி வாரானுங்க", "மோர் குடிச்சுட்டுப் போங்க". எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

கடைசியாகக் குழந்தையம்மாள் வீடு. அவரும் அதையே கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ராமாமணி, "நம்மாளுங்கதானுங்க அக்கா, பல்லடத்துப் பக்கம்" என்று சொல்லிவிட்டார். என் மேல் இரக்கமோ, அவருக்குக் கால் வலியோ, எனக்குத் தெரியாது. நான் மறுத்துப் பேசவில்லை. பல்லடத்துப் பக்கம் என்பதாவது உண்மை. பல்லடத்தைத் தாண்டிய ஒரு கிராமத்துக் காலனியில் எங்கள் வீடு. அப்பா ஆறுச்சாமி காலமாகிவிட்டார். அம்மா பாவாத்தாள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள்.

குழந்தையம்மாள் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். என் சமையலறைக்கு வந்து மூடியைத் திறந்து பார்ப்பார், கரண்டியில் எடுத்து வாயில் போட்டு, "உப்புப் பத்தல" என்பார். நான் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். காய்ச்சலில் கிடந்தபோது கூடவே படுத்திருந்தேன். ஆனால் என் அம்மா மட்டும் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. நான்தான் கூட்டி வரவில்லை, வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவாள். குழந்தையம்மாளைக் கண்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள். யாரும் சொல்ல வேண்டாம், அவள் கால்களுக்கே அது தெரியும். "உன்ற ஊட்ட எப்பத்தான் காட்டுவே?" என்று நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள். வெள்ளை அடிக்கிறார்கள், தண்ணீர்க் கஷ்டம், அடுத்த மாசம் என்று ஏதாவது சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. நம்மாளுங்க என்று தெரிந்தவுடன் கவுண்டர் வீடுகளில் அடுத்த கேள்வி, "என்ன கூட்டம்?" கூட்டம், அதாவது குலப்பிரிவு, தெரிந்தால்தான் பங்காளியா மாமன் முறையா என்று பார்த்து உறவு கொண்டாட முடியும். அந்தக் கேள்விக்காக ஒரு கூட்டத்தின் பெயரையும், அவர்களுடைய குலதெய்வக் கோவில் இருக்கும் ஊரையும், அங்கே எப்போது பொங்கல் வைப்பார்கள் என்பதையும் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். குழந்தையம்மாள் ஒரு நாளும் கேட்கவில்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் இருந்ததெல்லாம் என் அப்பா அம்மா பெயர்தான். இத்தனை நாள் நான் பேசாமல்தான் இருந்தேன். இனி மைக்கைப் பிடித்து என் வாயாலேயே சொல்ல வேண்டும், நான் இன்னார் மகள் என்று. பொய் சொன்னால் அம்மா எனக்கு அம்மா இல்லை. உண்மையைச் சொன்னால் வீடு இல்லை. கருமத்தம்பட்டியில் வேறு வீடும் இல்லை. ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிக் காலை ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்து சேர முடியாது. அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் முடிவு செய்தேன். சொல்லிவிடுவது. ஆனால் குழந்தையம்மாள் அதை மைக்கில் கேட்கக் கூடாது, என் வாயால் முதலில் கேட்க வேண்டும். அவர் சமையலறையில் ஸ்டாலுக்காக ஒப்புட்டு, அதாவது போளி, தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு கண்ணு. மொதல்ல அந்த வெல்லத்தைத் தட்டிப் போடு."

தட்டிப் போட்டேன். "நாளைக்கு மைக்குல பேசறதைப் பத்திங்க."

"ஏலக்காய் டப்பா மேல இருக்குது பாரு."

எடுத்துக் கொடுத்தேன். "நான் உங்காளு இல்லீங்கம்மா."

"அடுப்பைச் சித்தக் கொறைச்சு வெய்யி. அடி புடிச்சிரும்."

குறைத்து வைத்தேன். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். "நாங்க காலனிங்க."

"தெரியும் கண்ணு" என்றார். ஒப்புட்டைத் திருப்பிப் போட்டார்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"நீ குடி வந்த ரெண்டாம் மாசமே தெரியும். எங்க சின்னம்மா பையன் தம்பிதுரை பல்லடத்துக்கு அக்கட்டால கோழிப்பண்ணை வெச்சிருக்கறானில்ல. அங்க போயிருந்தேன். காலனிக்காரி ஒருத்தி முட்டை பொறுக்கிட்டிருந்தா. உன்ற மூஞ்சியை உரிச்சு வெச்சாப்பல இருந்தா. எத்தனை புள்ளைகன்னு கேட்டேன். ஒரே புள்ள, கருமத்தம்பட்டியில டீச்சருன்னு அத்தனை பெருமையாச் சொன்னா."

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையும் "வாங்க, போங்க" என்று பேசுகிறவர் குழந்தையம்மாள். என் அம்மாவுக்கு அவரிடம் ஒரு 'ங்க' கூட மிஞ்சவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

"பொறவு ஏனுங்க என்னைய வெச்சிருக்கறீங்க?"

"புடிச்சுப்போச்சு. பசங்க ரெண்டு பேரும் கோயமுத்தூருல இருந்து தீவாளிக்கு வந்தா உண்டு. காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி ஊத்துனது நீதானே. உன்ற கையில குடிச்சு நான் ஒண்ணும் செத்துப்போயிறல."

"அப்ப நாளைக்குச் சொல்லீரட்டுங்களா?"

அப்போதுதான் அவர் கை நின்றது.

"சொல்லீராத கண்ணு. நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. மைக்குல சொல்லிப்போட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிரும். அதுக்குப் பொறவும் உன்னைய வெச்சிருந்தா மருமகளுக இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டாங்க. பங்காளிக பந்தியில எனக்கு எலை போட மாட்டாங்க. உன்னையக் காலி பண்ணச் சொல்லித்தான் ஆவோணும். எனக்கு அதுக்கு மனசு வராது. என்னைய அந்த எடத்துல கொண்டுபோயி நிறுத்தீராத." அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ரெண்டு வருசத்துல உன்ற கூட்டம் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கறனா?"

கேட்டதில்லை. கூட்டம் கேட்காமல் இரண்டு வருஷம் இருந்த கவுண்டர் வீட்டம்மாவை இந்த ஜில்லா முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் திட்டுகிறவரோடு சண்டை போடலாம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புட்டு தட்டுகிறவரோடு என்ன சண்டை போடுவது? பூரணம் உருட்ட உட்கார்ந்தேன்.

விழா நன்றாக நடந்தது. மலையாளத்துக்காரர்கள் புட்டும் கடலையும் வைத்தார்கள். சேட்டு வீட்டார் ஏதோ மாவு உருண்டையைப் பருப்போடு கொடுத்தார்கள், பிள்ளைகள் மொய்த்தார்கள். காலனித் தாய்மார்களுக்கும் ஒரு ஸ்டால் உண்டு. 'உழைப்பாளர் உணவு' என்று கரஸ்பாண்டெண்டே போர்டு எழுதிக் கொடுத்திருந்தார். கம்பங்கூழ். அவர் அதில் ஒரு சொம்பு வாங்கி முழுசாகக் குடித்தார், ஃபோட்டோ எடுத்தார்கள், கை தட்டல் கேட்டது. நடிப்பில்லை, மனதாரத்தான் குடித்தார். பிறகு எல்லோரும் நகர்ந்து போனார்கள், பானையில் கூழ் அப்படியே இருந்தது. அதே கம்பு, அதே கூழ், அதே மோர்மிளகாய் எங்கள் ஸ்டாலிலும் இருந்தது. அதற்கு வரிசை நின்றது. எங்கள் ஸ்டால் என்று எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

"அடுத்து, எங்க அக்கா ஊட்டுப் புள்ள" என்று கரஸ்பாண்டெண்ட் மைக்கை என் கையில் கொடுத்தார். முன்வரிசையில் குழந்தையம்மாள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பின்னால் காலனித் தாய்மார்கள் தங்கள் பானைக்குப் பக்கத்தில் நின்றார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காரவில்லை. அவர்களில் ஒருத்தி நிற்கும் விதம் அப்படியே அம்மா. நான் பாவாத்தாள் மகள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு என்னிடம் இல்லை.

"எங்க ஊட்டுல நோம்பின்னா ஒப்புட்டு இல்லாம இருக்காதுங்க" என்று ஆரம்பித்தேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நெட்டுருப் போட்டிருந்த கூட்டத்தைச் சொன்னேன், கோவிலைச் சொன்னேன், பொங்கல் வைப்பதைச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மறைத்ததற்கு முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் குடமும் கொடுத்தார்கள். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. சிரித்துக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையம்மாள் என் கன்னத்தைத் தடவினார். "என்ற மானத்தைக் காப்பாத்துனே. உன்ற அம்மாளையும் ஒருக்காக் கூட்டிட்டு வா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும். யாராச்சும் கேட்டா, உனக்குச் சமையல் ஒத்தாசைக்கு வந்தவளுன்னு நான் சொல்லிக்கறேன்." அவரால் முடிந்த அளவு கதவைத் திறந்தார். அதற்கு மேல் அந்தக் கதவு திறக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாள். அவள் என்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று இருந்தது. அறைந்தால் நான் அழுதிருப்பேன், அழுதால் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். அவள் கோபிக்கவே இல்லை.

"ஒத்தாசைக்காரின்னே சொல்லட்டும். நீ இருக்கற ஊட்டை ஒருக்காப் பாத்துப்போட்டு வாரேன், போதும்" என்றாள். குழம்பை ஊற்றினாள். பிறகு எதையோ யோசித்துவிட்டு, எந்த பஸ்ஸுக்கு வருவாய் என்று கேட்பது மாதிரி கேட்டாள்.

"ஏங்கண்ணு, நாளைக்கு நான் செத்துப்போனா, இஸ்கூல்ல என்னன்னு சொல்லிப்போட்டு வருவே?"

அம்மா செத்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. சொன்னால் பள்ளிக்கூடமே வேன் எடுத்துக்கொண்டு துக்கம் கேட்க வரும். கரஸ்பாண்டெண்ட் மாலையோடு முதல் ஆளாக வந்து இறங்குவார். எந்த வீதி என்று வழி கேட்பார். பேசாதே அம்மா, அப்படியெல்லாம் சொல்லாதே என்று நான் அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தேன். விடை கிடைத்தும் விட்டது.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்கன்னு சொல்லிக்கறேம்மா" என்றேன்.

"அதுஞ் செரிதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.